இரண்டாவது வெடி

எங்கள் குடகில் ஆண் பிள்ளை பிறந்தால் வானத்தைப் பார்த்து ஒரு வெடி வெடிப்போம். யாராவது இறந்தால் இரண்டு. நஞ்சப்பா இறந்த அன்று ஒன்றுதான் கேட்டது.

அவர் வீட்டுத் துப்பாக்கி ஒற்றைக் குழல். விசையை இழுத்ததும் வந்து அடிக்கும் குதிரை, முதல் வெடியோடு கழுத்தில் ஒடிந்து விழுந்தது. அவருடைய மருமகள் அப்போது நிறைமாதம். வயலுக்கு அப்பால் இருக்கும் குட்டப்பா, பேரன் பிறந்துவிட்டான் என்று வெல்லமும் கையுமாக ஓடி வந்தார். "தாத்தாவைக் கூப்பிடுங்கப்பா, முதல் வாய் அவருக்குத்தான்" என்று முற்றத்தில் நின்று சிரித்தார். பிறகுதான் உள்ளே கிடத்தியிருந்த உடலைப் பார்த்தார். அந்தக் குழப்பத்தில் இரண்டாவது வெடி எல்லோருக்கும் மறந்துபோயிற்று.

பதினைந்து நாள் கழித்து, ஒடிந்த துண்டுகளைத் துணியில் முடிந்துகொண்டு நஞ்சப்பாவின் மனைவி தேச்சம்மா என்னிடம் வந்தாள். தபால் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், காபிக் கிடங்கின் மூலையில் ஒரு கடைசல் இயந்திரத்தைப் போட்டுக்கொண்டு இப்படிப்பட்ட வேலைகளைப் பொழுதுபோக்காகச் செய்துவந்தேன். மருமகளுக்குப் பெண் பிறந்து ஒரு வாரம் ஆகிறது என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"ஒரு வெடியோட அவருக்குப் பாதிதான் சொல்லியிருக்கோம், அண்ணா. போயாச்சுன்னு தெரியாம, சாயங்காலமானா வந்து படியில செருப்பைத் தட்டுறார். நாய்கூட எழுந்து வாலை ஆட்டுது."

நான் துண்டுகளைத் திருப்பிப் பார்த்தேன். பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. போன வருஷம் ஆயுத பூஜைக்கு முன்னால் அந்த விரிசலைப் பித்தளை உருக்கிப் பற்றவைத்தது நான்தான்.

"பத்தவச்ச இடத்துல ஊசி முனை அளவு ஓட்டை இருந்தது, தங்கச்சி. தெரிஞ்சும் மெருகு போட்டு மறைச்சுட்டேன். கண்ணாடி மாதிரி இருக்குன்னு சொல்லி அவர் ஒரு சீப்பு வாழைப்பழம் குடுத்துட்டுப் போனார்."

அவள் துணியை மடித்து இடுப்பில் செருகினாள். பிறகு, "அப்போ நீங்களும் தூங்கலையா?" என்று மட்டும் கேட்டாள்.

இம்முறை ஒட்டுப்போடவில்லை. முழு எஃகில் புதிய குதிரையை வெட்டி, அரத்தால் தேய்த்து எடுக்க மூன்று நாள் ஆயிற்று. ஒவ்வொரு நாளும் வேலையைத் தொடங்குமுன் எங்கள் மலைத் தெய்வம் இக்குத்தப்பனைக் கும்பிட்டேன். துப்பாக்கிக்காக அல்ல, அந்தப் படிக்காக.

மூன்றாம் நாள் சாயங்காலம், நஞ்சப்பா வரும் நேரத்துக்கு, அவர் வீட்டு முற்றத்தில் தேச்சம்மா துப்பாக்கியை என் கையிலேயே கொடுத்தாள். வானத்தைப் பார்த்து வெடித்தேன். குதிரை தாங்கியது. மலையில் மோதிய சத்தம் மெல்ல அடங்கியது.

வரப்பில் யாரோ வருவது தெரிந்தது. குட்டப்பா. துக்கத்துக்குரிய வெள்ளைத் துணி கட்டியிருந்தார். காலில் செருப்பு இல்லை, கையில் ஒன்றும் இல்லை.

"ரெண்டாவதுதானே?" என்றார். "அன்னையிலேர்ந்து இதுக்குத்தான் காதைத் தீட்டிட்டு இருந்தேன்."

தேச்சம்மா தலையசைத்துவிட்டு, அவருக்கும் எனக்கும் காபி கொண்டுவந்தாள். குட்டப்பா அந்தப் படியிலேயே உட்கார்ந்து குடித்தார். நாய் வந்து அவர் காலடியில் படுத்துக்கொண்டது. இருட்டும்வரை அது தலையைத் தூக்கவில்லை.