ஆளை நிறுத்தத் தெரிந்தவர்

கோதண்டபாணியின் கீழ் வேலைக்குச் சேர்ந்த ஆள் விட்டுப் போகமாட்டான் என்று விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டை முழுக்கப் பேச்சு. மற்ற கம்பெனிகளில் கல் அரைக்கும் மில்லுக்கு ஆள் தங்கவே மாட்டார்கள். வெள்ளைக்கல்லை உடைத்து மாவாக அரைக்கும் வேலை. கதவைத் திறந்தால் தூசியில் உள்ளே நிற்பவனின் முகம் தெரியாது. நாலு மாதம் தாக்குப்பிடித்தால் அதிகம். கோதண்டபாணியின் மில்லில் மட்டும் பதினோரு பேர் எட்டு வருஷமாக அப்படியே இருந்தார்கள்.

அவர் சூப்பர்வைசர். ஆனால் ஒருநாளும் யாரையும் நாலு பேர் எதிரில் அதட்டியதில்லை. தப்பு செய்தவனைத் தனியாகக் கூப்பிட்டு, தோளில் கை வைத்துத்தான் பேசுவார். பாய்மார்களுக்கு வெள்ளிக்கிழமை தொழுகைக்கு ஷிப்ட் மாற்றிக் கொடுப்பார். மாசி மகத்துக்கு மற்றவர்களுக்கு. யார் வீட்டில் பிரசவம், யார் பிள்ளைக்குக் காய்ச்சல், எல்லாம் அவருக்குத் தெரியும். சாயங்காலம் வேலை முடிந்ததும் ஆளுக்கொரு கட்டி வெல்லம் தன் கையாலேயே கொடுப்பார். தொண்டையில் படிந்த தூசியை வெல்லம் இழுத்துக்கொண்டு போய்விடும் என்று சொல்வார்கள். யார் சொன்னது என்று யாரும் கேட்டதில்லை.

முதலாளிக்கு இதில் ஏகப் பெருமை. “மத்த பயலுங்களுக்கும் அந்த வித்தையக் கத்துக் குடு கோதண்டபாணி” என்பார். கோதண்டபாணி சிரித்துக்கொள்வார். அது வித்தை இல்லை என்று அவர் மனதார நம்பினார். அவருக்கு அந்த ஆட்களைப் பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

எழுபத்தி நாலில் ஜாபர் அலிக்குத் துபாயிலிருந்து விசா வந்தது. மங்கலம்பேட்டைக்காரன். முப்பது வயது. மில்லின் சத்தத்தை வைத்தே மாவு பதமாகிவிட்டதா என்று சொல்லிவிடுவான். மச்சினன் அங்கே ஒரு கட்டட கம்பெனியில் இருந்தான், அவன்தான் அனுப்பியிருந்தான்.

விஷயம் தெரிந்ததும் முதலாளி கோதண்டபாணியை அழைத்தார். “அவன் போனா மில்லு படுத்துடும். எப்பிடியாவது நிறுத்து.”

அடுத்த வெள்ளிக்கிழமை கோதண்டபாணி சைக்கிளை எடுத்துக்கொண்டு மங்கலம்பேட்டைக்குப் போனார். ஜாபர் அலியின் மனைவி ரஹ்மத் பீவி நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். டீ வந்தது.

“பாய், பாலைவனத்துல போயி சாந்து சட்டி தூக்கணுமா நீ?” என்றார் கோதண்டபாணி. “பெரிய சூளை மேஸ்திரிக்கு ரெண்டு வருஷத்துல ரிட்டயர்டு. அந்த எடம் ஒனக்குத்தான். நானே சூளை வேலை கத்துத் தரேன். மேஸ்திரி ஆயிட்டா தூசியும் இல்ல, ஒண்ணும் இல்ல.”

ஜாபர் அலி மனைவியைப் பார்த்தான். அவள் முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றாள். “புள்ளைங்க சின்னதுங்க. சார் இவ்ளோ தூரம் வூடு தேடி வந்து சொல்றாங்க” என்றாள்.

விசாத் தாள் அலமாரிக்குப் போனது.

சொன்னபடியே கோதண்டபாணி கற்றுக்கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவனைச் சூளைக்கு அழைத்துப் போய், பார்வைத் துளை வழியே நெருப்பின் நிறத்தைக் காட்டினார். எந்த மஞ்சளில் பீங்கான் பியூஸ் கட்டை வேகும், எந்த வெள்ளையில் வெடிக்கும் என்பதை ஜாபர் அலி ஒரே வருஷத்தில் பிடித்துக்கொண்டான். பழைய மேஸ்திரியே ஒருமுறை, “இந்தப் பாயிக்கு இனிமே என்னா சொல்லித் தர்றது” என்றார்.

எழுபத்தாறில் பழைய மேஸ்திரி ஓய்வு பெற்றார். அந்த இடத்துக்கு முதலாளியின் மைத்துனர் ஊரிலிருந்து ஒருவன் வந்து உட்கார்ந்தான்.

கோதண்டபாணி போய்க் கேட்டார். முதலாளி கோபப்படவில்லை. “நீயே சொல்லு. மில்லுல அவன மாரி இன்னொருத்தன் கெடைப்பானா? நல்லா செய்யறான், அதனால அங்கியே இருக்கட்டும்ங்கறேன்.”

“வாக்கு குடுத்துட்டேங்க.”

“ஒன் வாய்க்கு அவன் கட்டுப்படுவான். இன்னும் ஒரு வருஷம்னு சொல்லு.”

கோதண்டபாணி அப்படியே சொன்னார். சொல்லும்போது ஜாபர் அலியின் முகத்தைப் பார்க்காமல் அவன் கழுத்துத் துண்டைப் பார்த்துச் சொன்னார்.

“சரிங்க சார். நீங்க சொன்னா சரிதான்” என்றான் ஜாபர் அலி. சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது.

அந்த இருமல் நிற்கவில்லை. மாடிப்படி ஏற முடியாமல் போனது. சைக்கிளை மிதிக்காமல் தள்ளிக்கொண்டு வந்தான். டி.பி. என்று உள்ளூரில் ஊசி போட்டார்கள். ஆறு மாதம் போட்டும் கேட்கவில்லை. கடைசியில் கோதண்டபாணியே அவனைப் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் அழைத்துப் போனார். டாக்டர் எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு ஜாபர் அலியை வெளியே உட்காரச் சொன்னார்.

“இது டி.பி. இல்ல. கல்லுத்தூசி. நுரையீரல் கெட்டியாகிப் போச்சு. இதுக்கு மருந்து கெடையாது. எத்தன வருஷமா அங்க இருக்காரு?”

“பத்துக்கு மேல ஆவுதுங்க.”

“ஆரம்பத்துலயே வெளிய வந்திருந்தா தப்பிச்சிருக்கலாம். ரெண்டு மூணு வருஷம் முன்னால வந்திருந்தாக்கூட இன்னும் கொஞ்ச நாள் ஓட்டியிருப்பாரு.”

கோதண்டபாணி தயங்கித் தயங்கி, “தெனம் வெல்லம் குடுக்கறோங்க” என்றார். டாக்டர் படத்தை உறையில் போட்டுக் கொடுத்தார்.

திரும்பி வரும்போது ஜாபர் அலி பஸ் ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்கினான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கோதண்டபாணிக்குத் தனக்கோடியும் நல்லூர்க்காரன் ஒருவனும் நினைவுக்கு வந்தார்கள். இரண்டு பேரும் இதே மில்லில் இருமி இருமி வீட்டில் படுத்துச் செத்தவர்கள். எட்டு வருஷமாக ஒருவனும் போகவில்லை என்று சொன்னபோதெல்லாம் அவர் அந்த இரண்டு பேரைச் சேர்த்ததில்லை. அவர்கள் நோயில் போனவர்கள் ஆயிற்றே.

மறுநாள் அவர் முதலாளியிடம் தூசி இழுக்கும் விசிறி வைக்கச் சொன்னார். கல்லை ஈரமாக அரைக்கலாம் என்றார். முதலாளி பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அடுத்த வருஷம் பாப்போம்” என்றார்.

எழுபத்தெட்டு ஐப்பசி மழையில் ஜாபர் அலி இறந்தான். மையத்து அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் கோதண்டபாணி மங்கலம்பேட்டைக்குப் போனார். ரஹ்மத் பீவி பிற ஆண்கள் எதிரில் வராத இத்தாவில், உள்ளறையில் இருந்தாள். கதவுக்கு அந்தப் பக்கமிருந்துதான் பேசினாள். அவள் ஏசுவாள் என்று நினைத்துப் போயிருந்தார். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“ஒங்க மேல ஒரு கொறையும் இல்லீங்க” என்றாள். “நீங்க நல்லவங்க. வேற யாராச்சும் வந்து சொல்லியிருந்தா அவங்க துபாய்க்குப் போயிருப்பாங்க.”

அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே ஊர் எல்லை வரை நடந்தார்.

திங்கட்கிழமை மில்லை நிறுத்தச் சொல்லி, எல்லாரையும் வெளியே வேப்பமரத்தடிக்குக் கூப்பிட்டார். டாக்டர் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னார். தனக்கோடியைப் பற்றியும் சொன்னார். “வெல்லத்தால ஒண்ணும் ஆவாதுடா. எல்லாரும் வேற வேல பாத்துக்குங்க. சர்டிபிகேட்டு நான் எழுதித் தரேன்.”

கடைசியில் பழமலைதான் வாயைத் திறந்தான். ஜாபர் அலிக்கு அடுத்த மூத்த ஆள். “நீங்க இருக்கறப்ப நாங்க ஏன் சார் போவணும்? வேற எடத்துல நாயி மாரி நடத்துவான். இங்க மனுசன் மாரி இருக்கோம்.” மற்றவர்கள் தலையாட்டினார்கள். ஒவ்வொருவனாக மில்லுக்குள் திரும்பிப் போனான்.

அன்று சாயங்காலம் கோதண்டபாணி ராஜினாமா எழுதினார். மனைவி அம்புஜவல்லி, “நீங்க போயிட்டா அதுங்கள யாரு பாத்துப்பா?” என்று கேட்டாள்.

“யாரும் பாத்துக்கக் கூடாது. அப்பத்தான் போவானுங்க” என்றார்.

புதிதாக வந்த சூப்பர்வைசர் வாய்க்கு வந்தபடி திட்டுகிறவன். தாமதமாக வந்தால் வாசலிலேயே நிற்க வைத்தான். இரண்டே மாதத்தில் ஐந்து பேர் விட்டுப் போனார்கள். இரண்டு பேர் நெய்வேலிக் கான்ட்ராக்ட் வேலைக்கு, மூன்று பேர் வயல் வேலைக்கு. ஒரு அரிசி ஆலையில் எழுத்து வேலைக்குச் சேர்ந்திருந்த கோதண்டபாணி ஒவ்வொன்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பழமலை வீட்டுக்கு வந்தான். கன்னம் ஒட்டியிருந்தது. மூன்று படி ஏறியதற்கே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“நீ இன்னுமா அங்க இருக்கற?”

“ஆமாங்க.”

“அவன் திட்டறானே, அடிக்க வரானேடா. ஏன்டா போவல?”

பழமலை மூச்சு வாங்கிக்கொண்டான். “நீங்க கோவத்துலதான் போயிருக்கீங்க, மொதலாளி சமாதானம் பேசி அழைச்சிட்டு வந்துடுவாருன்னு எங்களுக்குள்ள பேச்சு சார். அதுவரைக்கும் பொறுத்துக்கலாம்னு மிச்சம் அஞ்சு பேரும் இருக்கறோம்.”

கோதண்டபாணி அவனை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் பாண்டிச்சேரிக்கு அழைத்துப் போனார்.

அதே டாக்டர்தான். படத்தை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். அவர் வாயைத் திறக்கும் முன்பே கோதண்டபாணி பழமலையின் பக்கம் திரும்பி, “நீ கொஞ்சம் வெளிய உக்காரு பழமலை” என்றார்.