மஞ்சள் கிழங்குக் கல்யாணம்

கேமராக்காரர்கள் மூன்றாவது தடவையாக வீட்டுக்கு வந்தபோது மதிவதனிக்கு எரிச்சல்கூட வரவில்லை, அலுப்புதான் வந்தது. முன்னால் படம் எடுத்த இரண்டு கோஷ்டியும் கேட்டதைத்தான் இவர்களும் கேட்கப்போகிறார்கள். நாற்காலியைக்கூட அதே சன்னல் பக்கம்தான் போடச் சொன்னார்கள்.

கதை ஊருக்கே தெரியும். ஏழைகளுக்கு இலவசக் கல்யாணம், ஐம்பத்தோரு ஜோடி, ஆளுக்கொரு தங்கத் தாலி என்று பேனர் கட்டி நன்கொடை வசூலித்தான் பாஸ்கரன். குத்தம்பாக்கத்தில் பந்தல் போட்டு, மாலையும் கழுத்துமாக எல்லாரையும் மணையில் உட்காரவைத்தான். தாலியை எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று காரில் ஏறினவன்தான், முகூர்த்தம் தாண்டியும் ஆளைக் காணோம். போனும் அணைந்துகிடந்தது. அழுகையும் சாபமுமாக ஒவ்வொரு வீட்டாரும் பெண்ணை எழுப்பிக்கொண்டு கிளம்பினார்கள். மதிவதனியும் அழுதாள். அழாமல் என்ன செய்வாள்? அவளுக்குப் பார்த்திருந்த மாப்பிள்ளை, அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டும் வேம்புலி மட்டும் மணையைவிட்டு எழவில்லை. கலசத்தில் சுற்றியிருந்த நூலை உருவி, தட்டிலிருந்த மஞ்சள் கிழங்கை அதில் முடிந்தான்.

"அவன் வந்தா இன்னா, வராட்டி இன்னா. குனி," என்றான்.

மூன்று முடிச்சும் போட்டான். அந்தப் பந்தலில் நடந்த ஒரே கல்யாணம் அது.

முதல் படத்தில் அது வரவில்லை. இரண்டாவதிலும் இல்லை. இரண்டிலும் அவள் மாலையோடு தேம்பித் தேம்பி அழுததுதான் வந்தது. அதைப் பார்த்துவிட்டு திருநின்றவூர் ஸ்டேஷனில் முன்பின் தெரியாத பொம்பளைகள் தோளைத் தொட்டு உச்சுக்கொட்டினார்கள். வீட்டுக்காரம்மா பார்வதம் நேராகவே கேட்டுவிட்டாள், கல்யாணம் ஆகாமல்தான் ரெண்டு பேரும் இங்கே குடித்தனம் பண்ணுகிறீர்களா என்று. எத்தனை பேருக்குத்தான் பதில் சொல்வது? சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் ஓய்ந்துபோயிற்று.

அதனால் இந்தக் கோஷ்டியின் டைரக்டர் கார்த்திகாவிடம் உட்காருவதற்கு முன்பே சொல்லிவிட்டாள். தாலி கட்டினது படத்தில் வரவேண்டும், வேறு ஒன்றும் வேண்டாம். கார்த்திகா உடனே தலையாட்டினாள். பந்தலில் யாரோ போனில் எடுத்த வீடியோ கிடைத்துவிட்டதாம், படமே அதில்தான் முடிகிறதாம். மதிவதனிக்கு நம்பவே முடியவில்லை. எத்தனையோ நாளைக்கப்புறம் மனசு கொஞ்சம் லேசானது. புடவையில் மைக்கைக் குத்தவிட்டாள். அந்த முடிவை ஒரு தடவை காட்டச் சொல்லிக் கேட்டாள்.

கார்த்திகா லேப்டாப்பைத் திருப்பினாள். வேம்புலி முடிச்சுப் போடுகிறான். அதன்மேல் ஒரு குரல் ஓடியது. ஜாமீனில் வெளியே வந்திருக்கும் பாஸ்கரன்தான், பேச்சு தேனாக வழிந்தது. தப்பு நடந்தது வாஸ்தவம்தான், ஆனாலும் தன்னால் ஒரு குடும்பமாவது உருவாயிற்றே, தனக்கு அது போதும் என்கிறான். அப்புறம் அவன் முகம் வருகிறது. கண்ணைத் துடைத்துக்கொள்கிறான்.

படுபாவி, இதையும் தன் கணக்கில் எழுதிக்கொண்டானே! மதிவதனி அவன் பேச்சை மட்டும் எடுத்துவிடச் சொல்லிப் பார்த்தாள். முடியாது, இப்படி முடிப்பதாக இருந்தால்தான் பேட்டி என்று சொல்லித்தான் அவன் உட்கார்ந்தான் என்று கார்த்திகா இழுத்து இழுத்துச் சொன்னாள்.

ஷிப்டு முடிந்து வந்த வேம்புலி வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான். மதிவதனி அவனை ஒருதரம் பார்த்தாள். மைக்கைக் கழற்றிக் கார்த்திகாவின் கையில் கொடுத்தாள்.

"அப்ப இது வாணாம் மேடம். நான் அழுததையே போட்டுக்குங்க."