மூக்கின்மேல் பொத்தான் வைத்த பறவை

பின்பனிக் காலத்தின் கடைசி நாள்கள். கிழக்கே செம்மை பரவப் பரவ, ஊரின் விளிம்பில் விரிந்து கிடந்த சதுப்புநிலம், போர்வையை உதறி எழுவதுபோல் மூடுபனியை மெல்ல விலக்கிற்று. கோரைகளுக்கிடையே குளிர்ந்து கிடந்த நீரில், வடதிசைக்கு மீளும் நாளை எதிர்நோக்கித் திரண்ட ஆயிரம் பறவைகள், தேர்வு முடிந்த பள்ளிப் பிள்ளைகளைப்போல் ஒருசேரக் கூவிக்கொண்டும், ஒன்றையொன்று இடித்துக்கொண்டும், சிறகு கோதிக்கொண்டும் இருந்தன. நாடறிந்த அழகன்று அது. சேறு நாறும், கொசு கடிக்கும். ஆயினும், படிப்போரே, அந்த ஓசையைக் கேட்டபின் படுத்துக்கிடப்பது எவர்க்கும் அரிது. காலில் மாவுக்கட்டுப் போட்டவளுக்கோ அது பெருங்கொடுமை.

அவள் அச்சகத்தில் மெய்ப்புப் பார்ப்பவள். பிறர் கண்ணுக்குத் தப்பிய ஒற்றைப் புள்ளியையும் பிடித்து நிறுத்தும் கண் அவளுக்கு. அதே கண்ணால் பத்தொன்பது ஆண்டுகளாக, வரும் பறவை போகும் பறவை அனைத்தையும் குறிப்பேட்டில் எழுதிவந்தாள். பதினோராண்டுக்கு முன் ஒருநாள், இந்நிலத்தில் எவரும் கண்டிராத வாத்தொன்றைத் தனியே கண்டு, மூச்சிரைக்க ஓடிவந்து, அதன் வெண்ணிற உடலையும் மார்புப் பட்டையையும் சொல்லத் தொடங்கினாள். அடுத்த வீட்டிலிருந்த அண்ணி, அதாவது கணவனின் அக்காள், "கொக்குக்கு எவனோ சாயம் போட்டு விட்டிருக்கான்" என்றாள். தையற்காரனான கணவனோ வாயில் கவ்விய ஊசியோடு சிரித்தான். மீதியை அவள் சொல்லவில்லை, எழுதிவைத்தாள். அன்றுமுதல் தெருவுக்கே அவள் 'சாயக்கொக்கு'. பிறர் பிழையைப் பிடித்து வாழ்பவளிடம், உன் கண்ணே பிழை என்று ஊர் சொல்வதைவிடச் சுடுவது வேறில்லை.

இவ்வாண்டு ஏணி சறுக்கிக் கால் முறிந்ததால், காக்கையையும் குயிலையும் பிரித்தறியாத கணவனைத் தொலைநோக்கியோடு நாள்தோறும் அனுப்பிவைத்தாள். இன்று அவன் ஒற்றைச் செருப்பைச் சேற்றுக்குக் கொடுத்துவிட்டு ஓடிவந்தான்.

"ஒண்ணு பார்த்தேன்டி! பேர் மட்டும் கேக்காத."

"பேரு கெடக்கட்டும். தைக்கிற துணியைச் சொல்ற மாதிரி சொல்லுங்க."

"உடம்பு வெள்ளை. தலையும் கழுத்தும் கரும்பச்சை. மார்புல காவிப் பட்டை. முன்னாடி மட்டும்தான்னு நெனச்சேன். திரும்புச்சு பாரு, முதுகு வரைக்கும் சுத்தி வந்து, தையலே தெரியாம சேர்ந்திருக்கு. யாருடி வெட்டினா அதை!"

அவள் குறிப்பேட்டை மடிக்கு இழுத்துக்கொண்டாள். "அப்புறம்?"

"மூக்கு சிவப்பு. அது நெத்தியில சேர்ற இடத்துல, அதே சிவப்புல ஒரு பட்டன். இறுக்கித் தைச்ச பட்டன்."

அவள் பழைய பக்கம் ஒன்றைத் திருப்பி அவன்முன் நீட்டினாள். மங்கிய மையில் இருந்தது: 'பட்டை முதுகிலும் தொடர்கிறது. அலகின் தொடக்கத்தில் சிவந்த குமிழ். பார்த்தது: நான் மட்டும்.'

ஒருமுறை படித்தான், மறுமுறையும் படித்தான். பதினோராண்டுக்கு முன் சிரித்த சிரிப்பு இப்போது ஊசியாய்க் குத்திற்று.

"தப்பு என்மேலதான். வா, துணி வண்டியில தூக்கி உக்கார வெச்சுத் தள்ளிட்டுப் போறேன்."

"அந்த லொடலொடப்புக்கு ஒரு பறவை மிஞ்சாது. என்னைக் கொல்லையில உக்கார வெச்சுட்டு அண்ணியைக் கூட்டிட்டுப் போங்க. ஓடுங்க, பறந்துடப் போகுது!"

அக்காளுக்குத் தம்பியின் கடையில் பொத்தான் தைப்பதே வேலை. "விடிஞ்சும் விடியாம வாத்து பார்க்கவா? சாயக்கொக்கு உனக்கும் சாயம் பூசிட்டாளா?" என்று அவள் கேட்டு முடிக்குமுன், "மூக்குமேல பட்டன் வெச்ச வாத்துக்கா, நீயே வந்து பாரு" என்று தம்பி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான்.

கொல்லையில் தனித்திருந்தவளின் நெஞ்சு, ஓடும் தையற்பொறிபோல் அடித்துக்கொண்டது. அண்ணியும் இல்லையென்று சொல்லிவிட்டால்? மதிலுக்கு அப்பால் கோரை அசைந்தது, காற்று நின்றது, ஒரு நொடி சதுப்புநிலம் முழுதும் வாயடைத்ததுபோலிருந்தது. பிறகு வந்தது அந்தக் குரல்.

"அடியேய்! பட்டன் இருக்குடி! நிஜமாவே பட்டன் இருக்குடி!"

சுவரையும் பிளக்கும் குரல் அது. நீர் கலங்க, வானிருள, ஆயிரம் சிறகுகள் ஒருங்கே எழுந்து, கொல்லை மதிலுக்கு மேலாகச் சுழன்று வந்தன. அவற்றினிடையே, தொலைநோக்கி வேண்டாத தாழ்வில், வெள்ளையும் காவியும் பச்சையும் ஒளிர, சிவந்த அலகை முன்னீட்டி ஒன்று பறந்தது. முறிந்த காலை மறந்து, நாற்காலியைப் பற்றி, அவள் ஒற்றைக்காலில் எழுந்து நின்றாள். தெரு வைத்த பெயர் அன்றுதான் முதன்முறையாக அவளுக்குப் பொருந்திற்று.

முழங்கால்வரை சேறும் கண்ணில் நீருமாக அக்காள் ஓடிவந்தாள். "கத்தித் தொலைச்சிட்டேனே! நீ பார்க்கிறதுக்குள்ள விரட்டிட்டேனே!"

"நீங்க கத்தினதாலதான் அண்ணி நான் பார்த்தேன்."

அன்றைய பக்கத்தில், 'பார்த்தது' என்ற சொல்லுக்கு எதிரே மூன்று கையெழுத்துகள் விழுந்தன. கலங்கிய நீர் தெளிந்தது. வடதிசை வானில் கடைசிப் புள்ளியும் கரைந்தது. எவர் நம்பினும் நம்பாவிடினும் பறவை தன் பருவத்தில் வந்து, தன் பருவத்தில் போகிறது. அருகிருப்பவள் கண்ணை நம்புவதற்கு மனிதர்க்குத்தான் பதினோராண்டு பிடிக்கிறது.