ஆர்லீன் உயர்த்திய கை

டெல்பர்ட் வந்தபோது ஆர்லீன் அடுப்பில் சூப் கிண்டிக்கொண்டிருந்தாள். தேவாலயப் பாடகர் குழுவில் பல வருடமாக அவள் பக்கத்தில் நின்று பாடுகிறவன். கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தான்.

"ஸ்கூல் பஸ் வேலை போச்சு ஆர்லீன். ஸ்கூல்ல என்னைப் பத்தி விசாரிச்சப்ப போலீஸ்ல என் பேர்ல ஏதோ இருக்காம்."

"உன் பேர்லயா?"

"பாலத்துல சரக்கு ரயில் படம் எடுத்தேன்ல, அதுதான். யாரோ சந்தேகப்பட்டு போன் பண்ணிருக்காங்க. அன்னிக்கே ஒரு போலீஸ்காரர் வந்து பாத்துட்டு, சிரிச்சுட்டுப் போயிட்டார். ரெண்டு வருஷம் ஆச்சு. நீ அந்தக் கமிட்டியில இருக்கியே, கொஞ்சம் பாரேன்."

ஆர்லீன் அடுப்பை அணைத்தாள். வட்டாரப் போலீஸ் உளவு மையம் மக்களின் விவரங்களை எப்படி வைத்திருக்கிறது என்று கண்காணிக்கும் ஊர்க்காரர் ஐவரில் அவள் ஒருத்தி. ஒன்றுமில்லை என்று தெரிந்த சந்தேகத் தகவலை ஒரு வருடத்தில் அழித்துவிட வேண்டும் என்பது பழைய விதி. போன வருடம் அதை ஐந்து வருடமாக்கக் கேட்டார் மையத்தின் தலைவர் கேப்டன் ரூர்க். இரண்டு பேர் சரி என்றார்கள், இரண்டு பேர் கூடாது என்றார்கள். கடைசியாகச் சரி என்று உயர்ந்தது ஆர்லீனின் கை.

"பாக்கறேன்" என்று மட்டும் சொல்லி அவனுக்குச் சூப் ஊற்றிக் கொடுத்தாள். அவன் ருசித்துக் குடித்ததை அவளால் பார்க்க முடியவில்லை.

மறுநாள் கேப்டனிடம் போய் டெல்பர்ட்டின் பெயரைப் பற்றிக் கேட்டாள். "விதிப்படிதான் இருக்கு மேடம். விதி நீங்க போட்டதுதானே" என்றார் அவர், கனிவாகவே.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கு வெளியே டெல்பர்ட்டிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

"ஏன் கை தூக்கினே?"

"கேப்டன் டோனட் வாங்கிட்டு வந்திருந்தார். எல்லாரையும் பேர் சொல்லி விசாரிச்சார். முடியாதுன்னு சொல்லச் சங்கடமா இருந்துச்சு. முழுசாப் படிக்கக்கூட இல்ல."

"ஒரு டோனட்டுக்கா, ஆர்லீன்?"

அவன் காரில் ஏறிக் கதவைச் சாத்தினான். பிறகு கண்ணாடியை இறக்கினான். "அடுத்த கூட்டத்துல வெளியாள் பேசலாமா?"

நூலகக் கீழ்த்தளத்தில் கூட்டம் நடந்தது. டெல்பர்ட் எழுந்து, தெளிவில்லாத அந்த ரயில் படத்தைப் போனில் காட்டி, நடந்ததைச் சொன்னான். பழைய விதிக்கே திரும்பலாம் என்று ஆர்லீன் முன்மொழிந்தாள். போன முறை தான் ஏன் கை தூக்கினாள் என்பதையும் மறைக்கவில்லை. கேப்டன் முகம் சிவக்கக் குனிந்துகொண்டார். நான்கு பேர் சம்மதித்தார்கள். டெல்பர்ட்டின் பெயரும் அது போன்ற பல பெயர்களும் அழிக்கப்பட்டன.

பள்ளியோ அதற்குள் வேறொருவரை எடுத்துவிட்டது. டெல்பர்ட் இப்போது பார்சல் வண்டி ஓட்டுகிறான், ஞாயிற்றுக்கிழமையும் வேலை. பாடகர் குழுவில் அவன் இடத்தில் புதிதாக ஒருவர் நிற்கிறார். கடையில் எதிர்ப்பட்டால் டெல்பர்ட் நின்று ரயில்களைப் பற்றிப் பேசுகிறான், வேலை போன பேச்சை எடுப்பதே இல்லை. நாலு வார்த்தை திட்டிவிட்டால்கூடத் தேவலை என்று ஆர்லீனுக்கு இருக்கிறது.