பாலத்தடி வல்லாரை

என் மனுசன் விவேகானந்தனுக்கு ஈரலில் கொழுப்பு என்று ஸ்கான் எடுத்த டொக்டர் சொன்ன நாளிலிருந்து எங்கள் கட்டுகஸ்தோட்டை வீட்டில் எண்ணெய்ச்சட்டி அடுப்பில் ஏறவில்லை. சோற்றைக் குறை, நட, கீரையும் பழமும் சாப்பிடு என்றுதான் டொக்டர் சொன்னார். இவர் விடுவாரா? பேப்பரில் ஈரலைக் காக்கும் அன்ரிஒக்சிடன்ற் சத்தைப் பற்றி எதையோ வாசித்துவிட்டு, வல்லாரை வல்லாரை என்று என் உயிரை எடுத்தார். "ஈரல் போனா ஆள் போச்சு, பாமா" என்பார். அவருடைய தமையன் ஈரல் சுருங்கித்தான் செத்தவர். பயம் இருக்கும்தானே.

கடைக் கீரைக்கு மருந்தடிக்கிறார்கள் என்று அதையும் ஒதுக்கினார். ஆற்றோரம் தானாக முளைத்ததுதான் சுத்தமாம். கொழும்பில் குண்டு வெடித்த கிழமை அது. தமிழரைத் தெருவில் கண்டாலே அடையாள அட்டை கேட்டார்கள். "வெளிக்கிடாதேங்கோ" என்று தலையில் அடித்துச் சொன்னேன். குளித்துவிட்டு வந்து பார்த்தால் ஆளும் இல்லை, பையும் கத்தியும் இல்லை.

முன்கடை ஹபீல் நானா மூச்சிரைக்க ஓடி வந்தார். "டீச்சர், பாலத்தடியில ஐயாவ ஆமி புடிச்சிட்டாங்க!"

செருப்பும் போடாமல் ஓடினேன். மகாவலிப் பாலத்துத் தூணோரம் கத்தியோடு குனிந்து நின்ற தமிழன்! கடவுளே, அவர்கள் வேறென்ன நினைப்பார்கள்? சேற்றில் முழங்காலில் இருத்தியிருந்தார்கள். முதுகில் துவக்கு. ஒருவன் பையைக் கிளறிக்கொண்டிருந்தான்.

"கொட்டுகொல, மாத்தயா" என்றேன். வெறும் வல்லாரைதான் ஐயா, ஆள் வருத்தக்காரர், இது மருந்து என்று தெரிந்த சிங்களத்தில் கெஞ்சினேன். அவன் வேரும் மண்ணுமாக ஒரு பிடி வல்லாரையை அள்ளி அவர் வாய்க்கு நேரே நீட்டினான். தின் என்றான்.

தின்றார். முடிய முடிய அள்ளிக் கொடுத்தான். கல் கடிபடும் சத்தம் எனக்குக் கேட்டது. அழுதால் சுட்டுவிடுவானோ என்று அழவும் பயம். பை வெறுமையான பிறகுதான் போகச் சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்து வாயைக் கொப்பளித்தார், கொப்பளித்துக்கொண்டே இருந்தார். மத்தியானம் வீட்டு முருங்கைக் கீரையும் பழமும் வைத்தேன். தள்ளிவிட்டார்.

"கத்தரிக்காய் பொரிச்சுத் தாரும், பாமா."

"உங்களுக்கென்ன விசரே? ஈரல் என்னத்துக்காகும்?"

"அது மெதுவாத்தானே கொல்லும்" என்றார்.

நான் எண்ணெய்ச்சட்டியைத் தேடி எடுத்தேன்.