நீல மூடி

கையுறையைக்கூடக் கழற்றாமல் குட்டி படியிறங்கி ஓடிக்கொண்டிருந்தாள். மூன்றாம் மாடியிலிருந்து தரைக்கு வருவதற்குள் நான்கு முறை அழைத்தாயிற்று. மணி அடித்ததே தவிர யாரும் எடுக்கவில்லை. ஐந்தாவது முறை எடுத்தார்கள்.

"அக்கா, பல் கிளினிக்ல இருந்து பேசறேன். காலையில வாங்கிட்டுப் போனீங்களே, அந்த மருந்தைப் போட்டுட்டீங்களா?"

"ம்ம்."

குட்டி இரண்டிரண்டு படியாகத் தாவினாள். "உடனே கழட்டிடுங்க. வாயைக் கொப்பளிங்க. கேக்குதா?"

"ம்ம்... ம்ம்ம்." அவ்வளவுதான். இணைப்பு அறுந்தது.

வாய்க்குள் மருந்து வைத்த ட்ரே இருந்தால் எப்படிப் பேசுவார்கள்? ட்ரே இருக்கிறது என்பதுதான் அந்த 'ம்ம்'முக்கு அர்த்தம். அவள் சாலையில் இறங்கினாள்.

பெயரில்தான் குட்டி, வயது இருபத்தேழு. பல் டாக்டருக்குப் பக்கத்தில் நின்று எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடிப்பது, கருவிகளைச் சுத்தம் செய்வது, மருந்துகளை ஃபிரிட்ஜில் அடுக்கி வைப்பது அவள் வேலை. ஏழு வருடமாக ஒரு குறை கிடையாது. ஒரே ஒரு விசித்திரம், முகக்கவசத்தைக் கழற்றி அவளை யாரும் பார்த்ததில்லை. சாப்பிடும்போதுகூடச் சுவரைப் பார்த்துதான் உட்காருவாள்.

அந்த ஃபிரிட்ஜில் பல்லை வெளுக்கும் மருந்து இரண்டு வகை. இரண்டும் ஊசி இல்லாத சின்ன சிரிஞ்சில் அடைத்த பசை, பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். சிவப்பு மூடி போட்டது டாக்டர் கைக்கு மட்டும். உதட்டை விலக்கி, ஈறு முழுக்கப் பாதுகாப்புப் பூச்சு பூசி, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே போட வேண்டியது. நீல மூடி வீட்டுக்குக் கொடுப்பது. சிவப்பின் வீரியத்தில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும். வாய்க்கு அளவெடுத்துச் செய்த பிளாஸ்டிக் ட்ரேயில் துளித்துளியாக வைத்து, ஒரு மணி நேரம் மாட்டிக்கொண்டால் போதும். ஈறில் கொஞ்சம் பட்டாலும் பெரிய ஆபத்தில்லை. சிவப்பு பட்டால் வெந்துவிடும்.

பத்து நிமிடத்துக்கு முன்னால் ஃபிரிட்ஜைத் திறந்தபோது, கீழ்த்தட்டின் கடைசியில் இருக்க வேண்டிய ஒரு பெட்டி இல்லை. நீல மூடிப் பெட்டிதான். ஆனால் அதற்குள் இருந்தது சிவப்பு மருந்து. வரவேற்பு மேஜையில் உட்காரும் அக்காவிடம் கேட்டாள். காலையில் அவசரத்துக்குக் கைக்கு வந்ததை எடுத்து, வீட்டு மருந்து வாங்க வந்த ரேடியோ அக்காவுக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னாள். விஷயம் புரிந்ததும் முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. போன மாதம்தான் யாருடைய எக்ஸ்ரேயையோ யாருக்கோ மாற்றிக் கொடுத்து டாக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவள். இன்னொரு முறை மாறினால் வேறு வேலை தேடிக்கொள்ளச் சொல்லியிருந்தார்.

"நீல மூடியைப் பாத்துதானேடி குடுத்தேன். நீல மூடிக்குள்ள சிவப்பு எப்படி வரும்?"

அதற்குள் குட்டி படிக்கட்டில் இருந்தாள்.

இரண்டு தெரு தாண்ட வேண்டும். சிக்னலில் காத்திருந்த டாக்ஸிக்காரர் அவள் கையுறையைப் பார்த்து, யார் பல்லைப் பிடுங்க இந்த ஓட்டம் என்று கிண்டலடித்தார். குளிர்ந்த காற்று முகத்தில் அறைந்தது. குட்டி கண்ணை இறுக மூடித் திறந்து, முகக்கவசத்தை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தபடியே சாலையைக் கடந்தாள்.

ரேடியோ அக்காவை அந்த ஊரில் தெரியாதவர்கள் இல்லை, முகம் தெரிந்தவர்களும் இல்லை. பதினொரு வருடமாகக் காலையில் மழை வருமா, எந்தச் சாலை அடைத்திருக்கிறது என்று சொல்லும் குரல் அது. நாளை மறுநாள் முதல் முறையாக டிவி கேமரா முன்னால் உட்காரப் போகிறாள். இத்தனை நாள் பல்லை மறைத்துப் பிழைத்தேன், இனிமேல் பல்லைக் காட்டிப் பிழைக்க வேண்டும் என்று போன வாரம் நாற்காலியில் சாய்ந்தபடி சொல்லி டாக்டரையே சிரிக்க வைத்தாள். அந்த வாயைத்தான் இப்போது மருந்து தின்றுகொண்டிருக்கிறது.

லிஃப்ட் ஏழாவது மாடியில் நின்றுகொண்டு இறங்கி வர மறுத்தது. மூச்சிரைக்க நான்கு மாடி ஏறி, அழைப்பு மணியிலிருந்து விரலை எடுக்காமல் நின்றாள்.

கதவைத் திறந்தது ரேடியோ அக்காவின் மாமியார். ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு, இன்னொரு கையால் இரு என்று சைகை காட்டிவிட்டு உள்ளே போனார். திரும்பி வரும்போது வாயில் பல்செட் ஏறியிருந்தது.

"நீதானா போன் பண்ணது? பல்லு இல்லாம நான் கட்டினவர்கிட்டயே பேசினதில்ல. உன்கிட்ட எப்படிப் பேசுவேன்? நீ சொன்னதும் சரியாக் காதுல விழல, அதான் ம்ம் போட்டேன்."

குட்டிக்கு ஒரு நொடி உயிர் வந்தது. "அப்போ அக்கா போடலையா?"

"ஏன் போடல? கால் மணி நேரமா உள்ள படுத்திருக்கா. எரியுதுன்னு எழுதிக் காட்டினா. அழகு சும்மாவா வரும், பொறுத்துக்கன்னு சொல்லிட்டு வந்தேன்."

வந்த உயிர் அந்த இடத்திலேயே போனது.

படுக்கையறையில் ரேடியோ அக்கா கண்ணை மூடிக் கிடந்தாள். கடைக்கண்ணிலிருந்து காதுவரை ஈரக்கோடு. மார்பின் மேல் ஒரு தாள். அதில் 'எரியுது. வேலை செய்யுதுன்னு அர்த்தமா?' என்று எழுதியிருந்தது. குட்டி அவளைத் தூக்கி உட்கார வைத்து, ட்ரேயைக் கழற்றி, ஒட்டியிருந்த பசையைத் துணியால் துடைத்து எடுத்தாள். குளியலறைக்கு இழுத்துப் போய்க் கொப்பளிக்க வைத்தாள். ஒரு முறை, இரண்டு முறை, பத்து முறை. மாமியார் பின்னாலேயே குளிர்ந்த நீர் பாட்டில்களுடன் வந்து மருமகளுக்கு ஒன்று, ஓடி வந்தவளுக்கு ஒன்று என்று நீட்டினார். குட்டி தன் பாட்டிலைத் திறக்காமல் அலமாரியில் வைத்தாள்.

கண்ணாடியில் ரேடியோ அக்கா உதட்டை விரித்துப் பார்த்தாள். மேல் ஈறின் விளிம்பு முழுக்க, ரொம்ப நேரம் தண்ணீரில் ஊறிய விரல் மாதிரி வெளுத்துச் சுருங்கியிருந்தது.

"இது போகுமா?" ஊரையே எழுப்பும் குரல் உடைந்து வந்தது.

"போயிடும் அக்கா. ராத்திரிக்குள்ள வெள்ளை மறைஞ்சு சிவப்பாகும். நாளைக்குத்தான் எரிச்சல் அதிகம். பச்சைத்தண்ணி பட்டாலே மண்டையில ஆணி அடிக்கும், காத்து பட்டாலும்தான். சூடு, காரம், புளிப்பு எதுவும் வேண்டாம். ஓரத்துல தோல் உரியும், நீங்களா உரிக்காதீங்க. மூணாவது நாள் பேசறதுக்குக் கஷ்டம் இருக்காது. ஆனா இன்னைக்கே டாக்டர் பாக்கணும்."

ரேடியோ அக்கா கண்ணாடி வழியாகவே அவளை உற்றுப் பார்த்தாள். "நேரத்தோட சொல்றியே, நான் மழைக்குச் சொல்ற மாதிரி. நீ டாக்டரா? என்னைச் சமாதானப்படுத்த வாய்க்கு வந்ததைச் சொல்றியா?"

குட்டி முகக்கவசத்தை இன்னும் கொஞ்சம் மேலே இழுத்துவிட்டுக்கொண்டாள்.

ரேடியோ அக்கா டாக்டரை அழைத்து ஒலிபெருக்கியில் போட்டாள். டாக்டர் முழுவதையும் கேட்டார். பதறினார், மன்னிப்புக் கேட்டார், உடனே கிளம்பி வரச் சொன்னார். வீட்டு மருந்துக்குப் பதிலாக மற்றதை எடுத்துக் கொடுத்தது யார் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

"வரவேற்புல இருக்கறவங்கதான். ஏற்கெனவே ஒரு தடவை எச்சரிச்சேன். இன்னையோட அவங்களை அனுப்பிடறேன்மா."

போனின் அந்தப் பக்கத்தில், கொஞ்சம் தள்ளி, யாரோ மூக்கை உறிஞ்சுவது கேட்டது. குட்டிக்கு அந்தச் சத்தம் தெரியும். ஏழு வருடமாக மதியச் சாப்பாட்டில் பாதியை அவளுக்கு ஒதுக்கி வைக்கிற அக்காவின் மூக்கு அது.

பேசாமல் இருந்தால் போதும். ரேடியோ அக்கா எப்படியும் குணமாகிவிடுவாள். தன் வேலையும் தப்பும். இரண்டு நொடி அப்படித்தான் நின்றாள். பிறகு கையுறையைக் கழற்றினாள். காதிலிருந்து முகக்கவசத்தின் நாடாவை எடுத்தாள்.

மாமியார் தன்னையறியாமல் வாயைப் பொத்திக்கொண்டார்.

குட்டியின் முன்பற்களில் சின்ன வயதிலேயே ஏறிய பழுப்புக் கறை இருந்தது. கறைக்கு நடுவே திட்டுத்திட்டாகச் சுண்ணாம்பு அப்பியது போன்ற வெள்ளை. அவற்றுக்கு மேலே ஈறு சிவந்து, ஓரம் உரிந்து தொங்கியது.

"டாக்டர், அக்காவை அனுப்பாதீங்க," என்றாள் போனைப் பார்த்து. "என் பல்லுக்கு இந்த மருந்து சரிப்படாது, திட்டாத்தான் வெளுக்கும்னு நீங்க சொன்னீங்க. நான் கேக்கல. நானே போட்டுக்கறதுக்காக, சிவப்பு சிரிஞ்சுக்கு நீல மூடி போட்டு, யாரும் எடுக்க மாட்டாங்கன்னு கடைசியில ஒளிச்சு வெச்சது நான்தான்."

குட்டி கண்ணாடியில் தெரிந்த ரேடியோ அக்காவின் பக்கம் திரும்பினாள்.

"வாய்க்கு வந்ததைச் சொல்லல அக்கா. எனக்கு இன்னைக்கு மூணாவது நாள்."