பேட்டரியைத் தின்ற தாலாட்டு

மகள் வின்னி வயிற்றில் இருந்தபோது ப்ரைடி இந்தத் தீவில்தான் பறவை எண்ணிக்கொண்டிருந்தாள். அதன் பலனை இப்போது அனுபவிக்கிறாள். ஐந்து மாதக் குழந்தைக்கு அம்மாவின் பாட்டு ஆகாது. மணலில் வளை தோண்டி முட்டையிடும் அந்தக் கடற்பறவை, பாலுக்கு அழும் பிள்ளைபோல ஊளையிட்டால்தான் தூக்கம் வரும்.

ப்ரைடியின் பிழைப்பும் அந்த ஊளையில்தான். வளை வாயில் ஸ்பீக்கரை வைத்து, பதிந்து வைத்த குரலைப் போட வேண்டும். உள்ளே பறவை இருந்தால் பதில் வரும், கொடி நட வேண்டும். கடைசிச் சரிவு மட்டும் பாக்கி. சாயங்காலம் படகு வந்துவிடும். கணக்கு முடியாவிட்டால் அடுத்த பருவம் வேறு ஆளுக்குத்தான் என்று குழுத் தலைவி க்ளெனிஸ் முதல் நாளே சொல்லிவிட்டாள். "கைப்பிள்ளையோட வர்றது உன் சாமர்த்தியம். வேலை நின்னா எங்கிட்ட வந்து கண்ணக் கசக்காத."

ப்ரைடி ஸ்பீக்கரை அழுத்தினாள். அது ஊமையாகக் கிடந்தது.

"ஆங்கஸ், ராத்திரி சார்ஜ் போட்டேனே, எங்க போச்சு?"

தூங்கும் குழந்தையை மார்பில் கட்டிக்கொண்டு நின்ற கணவன் தரையைப் பார்த்தான். "இவ தூங்கவே மாட்டேன்னா. கொஞ்ச நேரம் போட்டு விட்டேன்."

"கொஞ்ச நேரமா?"

"நானும் தூங்கிட்டேன்."

ப்ரைடிக்கு அழுகை முட்டியது. வின்னி முந்திக்கொண்டு வீறிட்டாள். காலடி வளையிலிருந்து உடனே ஒரு பறவை பதிலுக்கு ஊளையிட்டது. பிழைத்தோம் என்று ப்ரைடி மூச்சு விடுவதற்குள், அந்த ஊளை கேட்ட சுகத்தில் மகள் மறுபடி கண்ணயர்ந்துவிட்டாள்.

"லேசா கிள்ளவா?" என்றான் ஆங்கஸ்.

"உன்னத்தான் கிள்ளணும்."

பின்னால் நின்ற க்ளெனிஸ் தொப்பியைக் கழற்றினாள். நேற்று எண்ணிய ஒரு வளையின் முன் குப்புறப் படுத்து, உள்ளே முகத்தை விட்டு அழுதாள். அச்சு அசலாகக் கைக்குழந்தை. பறவை பதில் சொன்னது. கொடி நட்ட இன்னும் சில வளைகளிலும் சரிபார்த்தாள், ஸ்பீக்கருக்குப் பதில் சொன்ன பறவைகள் எல்லாம் அவளுக்கும் சொல்லின.

"இத எங்க கத்துக்கிட்டீங்க?" என்றாள் ப்ரைடி.

"எம் பையனக் கைப்பிள்ளையா அக்காகிட்ட விட்டுட்டு இங்க வந்தேன். இதுங்க அழுறப்பல்லாம் அவன்தான்னு எந்திரிச்சு ஓடுவேன். அந்த அழுகை எனக்கு மறக்குமா?"

க்ளெனிஸ் முகத்து மணலைக்கூடத் துடைக்காமல் அடுத்த வளைக்கு நகர்ந்தாள்.

"என்ன நிக்கிற, கொடிய எடு. அடுத்த வருஷம் ஸ்பீக்கர் ரெண்டா கொண்டு வா. ஒண்ணு பறவைக்கு, ஒண்ணு இவளுக்கு."